மோட்டார் சுட்டால் முதலில் பினியனைப் பாருங்கள்: சிறிய மின்சார டிரக்குகளின் கியரிங்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருப்பது 1/10 அளவு டிராக்சஸ் ஸ்லாஷ் என்ற ரிமோட் கண்ட்ரோல் டிரக், இரு சக்கர இழுவை, பிரஷ்டு (கார்பன் பிரஷ் வைத்த) மோட்டார். 2எஸ் லைப்போ, அதாவது இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி, போட்டீர்கள். வேகம் போதவில்லை என்று மோட்டார் ஷாஃப்ட்டில் இருக்கும் சிறிய பல்சக்கரமான பினியனில் 19 பல்லைக் கழற்றி 23 பல் போட்டீர்கள். பார்க்கக் கம்பீரமாக இருக்கும் என்று 125 மி.மீ. மான்ஸ்டர் டிரக் டயரும் மாட்டிவிட்டீர்கள். இப்போது புல்தரையில் ஐந்து நிமிடம் ஓட்டினால் மோட்டாரில் கை வைக்க முடியவில்லை, வார்னிஷ் கருகுகிற வாடை வருகிறது. நேராக பிரஷ்லெஸ்ஸுக்கு (பிரஷ் இல்லாத மோட்டாருக்கு) போகலாமா, ஏற்கெனவே வாங்கிவிட்ட 3எஸ் (மூன்று செல்) பேட்டரியை என்ன செய்வது, மெட்டல் கியர் வேண்டுமா, மகனின் 1/18 வண்டிக்கும் இதே கணக்குதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மோட்டார் மேல் குற்றமில்லை. லைப்போ மேலும் இல்லை. அந்த வண்டியோடு வருவது 7 செல் நிக்கல் பேட்டரி, 8.4 வோல்ட். முழுக்க சார்ஜ் ஆன 2எஸ் லைப்போவும் 8.4 வோல்ட்தான். லைப்போ சுமையில் வோல்டேஜைக் கொஞ்சம் நன்றாகத் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவே. மோட்டாரை வேகவைப்பது பினியனும் டயரும் சேர்ந்துதான். இரண்டும் தனித்தனி மாற்றம் மாதிரி தெரியும், ஆனால் மோட்டாருக்கு இரண்டும் ஒன்றே.

கணக்கைப் பார்ப்போம். உங்கள் வண்டியில் முதலில் இருந்தது ஸ்பர், அதாவது பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரம், 86 பல், பினியன் 19 பல். 86-ஐ 19-ஆல் வகுத்தால் 4.53. கியர்பாக்ஸுக்குள் இன்னொரு 2.72 மடங்கு குறைப்பு இருக்கிறது. பெருக்கினால் 12.31. அதாவது மோட்டார் 12.31 சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்று சுற்றும். பழைய டயரின் குறுக்களவு சுமார் 110 மி.மீ., சுற்றளவு சுமார் 346 மி.மீ. இதை 12.31-ஆல் வகுங்கள், 28 மி.மீ. வரும். மோட்டார் ஒரு சுற்று சுற்றும்போது வண்டி நகரும் தூரம் அது. ரோல்அவுட் என்பார்கள். வேறு எந்த எண்ணையும் விட இந்த ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் புது அமைப்பு. 86-க்கு 23, அதை 2.72-ஆல் பெருக்கினால் 10.17. டயர் 125 மி.மீ., சுற்றளவு 393 மி.மீ. ரோல்அவுட் 38.6 மி.மீ. பழையதைவிட 38 சதவீதம் அதிகம். சைக்கிளில் மேடு ஏறும்போது சின்ன கியருக்கு மாற்றாமல் பெரிய கியரிலேயே மிதிப்பதைத்தான் உங்கள் மோட்டார் செய்துகொண்டிருக்கிறது. தரையில் அதே தள்ளு விசை வேண்டுமானால் மோட்டார் 1.38 மடங்கு முறுக்கு விசை தர வேண்டும். முறுக்கு விசை கூடினால் கரண்டும் அதே அளவு கூடும். ஆனால் சுருளில் உண்டாகும் வெப்பம் கரண்டின் வர்க்கத்தில் ஏறும். 1.38-ஐ 1.38-ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 1.9. வெப்பம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. அந்தக் கருகல் வாடை இங்கிருந்துதான் வருகிறது.

இதற்கு மேல் இன்னொன்றும் சேரும். பிரஷ்டு மோட்டார் வேகமாகச் சுற்றும்போதுதான் மின்சாரத்தை நன்றாக வேலையாக மாற்றும். திணறித் திணறிச் சுற்றும்போது வாங்குகிற மின்சாரத்தில் பெரும்பங்கு வெப்பமாகவே போய்விடும். புல்லில் கனமான டயரோடு நின்று நின்று கிளம்பும்போது மோட்டார் எப்போதும் அந்த மோசமான பகுதியிலேயே இருக்கிறது. அதனால்தான் பினியனைப் பெரிதாக்கிய பிறகு சில இடங்களில் வண்டி முன்பைவிட மெதுவாகவே போகும். காகிதத்தில் உச்ச வேகம் ஏறியிருக்கும், ஆனால் அந்த உச்சத்தை எட்ட மோட்டாரால் முடியாது.

சரி, என்ன செய்யலாம்? புது டயர் பிடித்திருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள், பினியனைக் குறையுங்கள். பழைய 28 மி.மீ. ரோல்அவுட் திரும்பக் கிடைக்க 86 பல் ஸ்பருக்கு 16.7 பல் பினியன் வேண்டும். அப்படி ஒன்று கிடையாது, ஆகவே 16 அல்லது 17. புது டயர் கனமும் அதிகம் என்பதால் நான் 16-ல் தொடங்கச் சொல்வேன். பெரிய டயரைப் போட்டுவிட்டு பல்லைக் குறைப்பது மனதுக்குத் தோல்வி மாதிரி இருக்கலாம். ஆனால் பேட்டரி கூடுதல் நேரம் வரும், கிளம்பும்போது இழுவை கூடும், புல்லில் வண்டி உண்மையாகவே வேகமாகத் தெரியும். பழைய டயருக்கே திரும்புவதானால் 19 பல்லில் ஆரம்பித்து, சூட்டை அளந்து பார்த்து 20-க்குப் போங்கள்.

சூட்டை அளப்பது என்றால் கை வைத்துப் பார்ப்பது இல்லை. 55 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே கையை எடுத்துவிடுவோம், அதற்கு மேல் 65-ஆ 95-ஆ என்று விரலுக்குத் தெரியாது. வித்தியாசம் இருப்பதோ அங்கேதான். அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்குங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி உதவாது, அது உடல் சூட்டின் எல்லைக்குள்தான் காட்டும். தொழிற்சாலை வேலைக்கு விற்பது வேண்டும். இன்னொரு நுணுக்கம்: பளபளப்பான உலோகத்தில் இந்தக் கருவி உண்மையான சூட்டைவிடக் குறைவாகக் காட்டும். மோட்டார் உடம்பில் விரல்நகம் அளவு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன் மேல் குறிவைத்து அளந்தால் எண்ணை நம்பலாம். நிறுத்திய உடனே ஒரு முறை, ஒரு நிமிடம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். உள்ளே இருக்கும் சுருளின் சூடு வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆகும், அதனால் இரண்டாவது எண் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும்.

நான் வைத்துக்கொள்ளும் எல்லை: 70 டிகிரி வரை நிம்மதி, 80 வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு பினியனில் ஒரு பல்லாவது குறைப்பது, அதைத் தாண்டவே கூடாது. மூன்று நிமிடம் ஓட்டி அளக்கவும். அடுத்து ஆறு நிமிடம். அதன் பிறகே முழு பேட்டரி. ஓட்டத்துக்கு ஓட்டம் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். டயரையும் பினியனையும் ஒரே நாளில் மாற்றியதால்தான் எது காரணம் என்று உங்களுக்கே தெரியாமல் போனது.

கோடையையும் கணக்கில் சேருங்கள். மோட்டார் தன் சூட்டைச் சுற்றுப்புறக் காற்றின் மேல்தான் ஏற்றிக்கொள்கிறது. 25 டிகிரி மாலையில் 60 காட்டிய அதே வண்டி, கத்திரி வெயிலில் 40 டிகிரி காற்றில் 75-ஐத் தொடும். குளிர்ந்த ஊர்க்காரர் ஒருவர் 22 பல் போட்டு ஓட்டுகிறார் என்பதை நம் மே மாதத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மோட்டாருக்கு ஹீட் சிங்கும் சின்ன ஃபேனும் மாட்டுவது நல்லதுதான், நானும் மாட்டுவேன். ஆனால் அது சரியான கியரிங்குக்கு மேல் கிடைக்கும் கூடுதல் பாதுகாப்பு. தப்பான கியரிங்கை ஃபேன் சரிசெய்யாது.

பினியன் வாங்கும்போது பல்லின் எண்ணிக்கை மட்டும் பார்த்தால் போதாது, பிட்ச் பார்க்க வேண்டும். பல் எவ்வளவு பெரிது என்பதன் அளவு அது, மெட்ரிக் முறையில் அதையே மாட் என்பார்கள். உங்கள் ஸ்பர் 48 பிட்ச். கடையில் 0.5 மாட், 0.6 மாட் என்று விற்பவை கண்ணுக்கு அதே மாதிரி இருக்கும், சேராது. 48 பிட்ச் என்பது மாட் கணக்கில் 0.53. அரை மில்லிமீட்டரில் இத்தனை நுண்ணிய வித்தியாசம்தானே என்று போட்டால் ஒரே பேட்டரியில் ஸ்பர் பல் மழுங்கிவிடும். 32 பிட்சும் 0.8 மாடும் மட்டும் ஏறக்குறைய ஒன்று, அவற்றைச் சேர்த்து ஓட்டுகிறார்கள். அப்புறம் ஷாஃப்ட் துளை: உங்கள் மோட்டாருக்கு 3.17 மி.மீ.

மாட்டும்போது நிதானம் வேண்டும். பினியனின் குட்டி திருகு ஷாஃப்ட்டின் தட்டையான பக்கத்தின் மேல் சரியாக உட்கார வேண்டும், அதில் ஒரு துளி நீல நிற த்ரெட் லாக் (திருகு கழலாமல் பிடிக்கும் பசை) இடுங்கள். இறுக்குவதற்குத் தேயாத நல்ல 1.5 மி.மீ. ஆலன் கீ. மோட்டாரோடு இலவசமாக வரும் வளைந்த கம்பி திருகின் தலையைத்தான் தின்னும். பிறகு மெஷ், அதாவது இரு பல்சக்கரங்களும் ஒன்றோடொன்று பொருந்தும் நெருக்கம். நோட்டுப் புத்தகத் தாளில் ஒரு விரல் அகலம் கிழித்து, பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவில் விட்டு, மோட்டாரை ஸ்பர் பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு திருகுகளை இறுக்குங்கள். ஸ்பரை உருட்டித் தாளை வெளியே எடுங்கள். தாளில் மடிப்பு மடிப்பாக அச்சு விழுந்திருக்க வேண்டும், கிழிந்திருக்கக் கூடாது. கிழிந்தால் இறுக்கம் அதிகம், மடிப்பே விழவில்லை என்றால் தளர்வு. ஸ்பர் முழு வட்டமாக இருக்காது என்பதால் கால் சுற்றுக்கு ஒரு முறை விரலால் ஆட்டிப் பாருங்கள். மிக இறுக்கமான இடத்திலும் மெல்லிய ஆட்டம் இருக்க வேண்டும். இறுக்கமான மெஷ்ஷும் மோட்டாரைச் சூடாக்கும், பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

அதே நேரத்தில் ஸ்லிப்பர் கிளட்சையும் பாருங்கள். ஸ்பருக்கு நடுவில் ஸ்பிரிங்கோடு இருக்கும் நட் அது. முழுக்க இறுக்கிவிட்டு அரை முதல் ஒரு சுற்று வரை தளர்த்துவது நல்ல தொடக்கம். நல்ல பிடிப்புள்ள தரையில் முழு த்ராட்டில் கொடுத்தால் முதல் ஓரிரு அடிக்கு மட்டும் சர்ரென்று ஒரு சத்தம் வந்து நிற்க வேண்டும். தொடர்ந்து வழுக்கினால் ஸ்பரே உருகிவிடும். வழுக்கவே இல்லை என்றால் ஒவ்வொரு குதியலின் அதிர்ச்சியும் நேராகக் கியர்பாக்ஸுக்குப் போகும்.

பிரஷ்லெஸ் கேள்விக்கு வருகிறேன். போகலாம், நல்ல மாற்றம்தான். ஆனால் கியரிங்கைப் புரிந்துகொள்ளாமல் போனால் அதே கருகல் வாடை அதிக விலைக்குக் கிடைக்கும். பிரஷ்லெஸ் மோட்டாரின் ரோட்டரில் நியோடிமியம் காந்தம் இருக்கிறது. அது தாங்கும் சூட்டைத் தாண்டினால் காந்த வலிமை குறைந்துவிடும், ஆறிய பிறகும் திரும்பாது. வலிமை குறைந்த மோட்டார் அதே வேலைக்கு இன்னும் அதிகக் கரண்ட் இழுத்து இன்னும் சூடாகும். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான இஎஸ்சியில் சூடானால் நின்றுவிடும் பாதுகாப்பு இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அது இஎஸ்சி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் ஏற்பாடு, பக்கத்தில் வேகும் மோட்டார் பெரும்பாலும் அதற்குத் தெரியாது.

மோட்டார் தேர்வில் கேவி எண்தான் முக்கியம். ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது அது. டிராக்சஸின் சொந்த பிரஷ்லெஸ் மோட்டாரான வெலினியான் 3500 கேவி. 2எஸ்ஸின் 7.4 வோல்ட்டில் 25,900 சுற்று. 19-க்கு 86 கியரிங், 110 மி.மீ. டயர் என்றால் கணக்குப்படி மணிக்கு 43.6 கி.மீ. தரையில் அதில் எட்டில் ஒன்றோ ஆறில் ஒன்றோ குறையும். மோட்டார் பெயரில் 3660 என்று போட்டிருந்தால் 36 மி.மீ. விட்டம், 60 மி.மீ. நீளம். வாய்ப்பிருந்தால் நீளமான உடம்பும் குறைந்த கேவியும் உள்ளதை எடுங்கள். கேவி அதிகமாக இருப்பதே நல்ல மோட்டார் என்று ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. உங்கள் மாதிரி கனமான டயரோடு புல்லில் ஓட்டுபவருக்கு அது நேர்மாறு.

3எஸ்: இப்போதிருக்கும் எக்ஸ்எல்-5 இஎஸ்சியில் தயவுசெய்து செருகாதீர்கள். அது 2எஸ் லைப்போ வரைக்கும்தான். பிரஷ்லெஸ்ஸும் 3எஸ் தாங்கும் இஎஸ்சியும் வந்த பிறகு போடலாம், ஆனால் பினியனைக் குறைத்துவிட்டு. அதே கியரிங்கில் வோல்டேஜ் ஒன்றரை மடங்கானால் வேகமும் ஒன்றரை மடங்காகப் பார்க்கும், கணக்கில் மணிக்கு 65 கி.மீ. காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுவதால் அதற்கு மட்டும் 3.4 மடங்கு திறன் வேண்டும். ஸ்லாஷின் பாடி அகலமானது, அடியில் காற்று புகுந்தால் முன்பக்கம் தூக்கிவிடும். நான் செய்வது 3எஸ் போட்டு, பினியனில் மூன்று நான்கு பல் குறைத்து, வேகத்தை 2எஸ்ஸைவிடக் கொஞ்சமே கூட்டுவது. அதிக வோல்டேஜ், குறைந்த கரண்ட். மோட்டாரும் வயர்களும் குளிர்ச்சியாக இருக்கும், த்ராட்டில் விரலுக்கு உடனே பதில் சொல்லும். அந்த நாள் வரும் வரை அந்த பேட்டரியை முழு சார்ஜில் வைக்காதீர்கள், செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்து, வெயில் படாத இடத்தில் வைத்திருங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் ஒருபோதும் வேண்டாம். உப்பியிருந்தால் அதை மீண்டும் சார்ஜ் போடவே கூடாது.

இப்போது ஓட்டும் 2எஸ்ஸுக்கு ஒரு சின்ன சோதனை: எக்ஸ்எல்-5-ஐ ஆன் செய்ததும் விளக்கு பச்சையாக எரிகிறதா பாருங்கள். பச்சை என்றால் குறைந்த வோல்டேஜ் பாதுகாப்பு வேலை செய்கிறது. சிவப்பு என்றால் அது அணைந்திருக்கிறது, லைப்போவை அடிமட்டம் வரை உறிஞ்சிக் கெடுத்துவிடும்.

மெட்டல் கியருக்கு அவசரம் இல்லை. பிளாஸ்டிக் ஸ்பர் உடைவதற்கென்றே இருக்கிறது, நூற்றுக்கணக்கில் விலை, பத்து நிமிட வேலை. அதை இரும்பாக்கினால் அடுத்து உடைவது விலை அதிகமான பாகம். பிரஷ்லெஸ் போட்ட பிறகு பின்பக்க பிளாஸ்டிக் டிரைவ்ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும், அதை மட்டும் ஸ்டீலில் மாற்றுங்கள். முன் சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் கைகளுக்கு அலுமினியம் வேண்டாம். ஒரு கல்லில் மோதினால் அது வளைந்து அப்படியே நிற்கும், வளைந்து திரும்பும் நைலான் கைதான் சரி. ஆர்பிஎம் நிறுவனத்தின் கைகள் இதற்காகவே பெயர் பெற்றவை. அதற்கு முன்னால் எல்லா சக்கரத்தையும் தனித்தனியாகச் சுற்றிவிட்டுக் கேளுங்கள். கரகரவென்று மணல் சத்தம் வந்தால் அந்த 5க்கு 11 மி.மீ. பேரிங்கை மாற்றுங்கள். தேய்ந்த பேரிங்கும் மோட்டாரைச் சூடாக்கும், மாற்ற ஆகும் செலவும் சொற்பம். பேட்டரி இணைப்பில் பழைய வெள்ளை டாமியா கனெக்டர் இருந்தால் அதையும் வெட்டிவிட்டு எக்ஸ்டி60 கனெக்டரைப் பற்றவையுங்கள், அதிகக் கரண்டில் அந்த வெள்ளை பிளாஸ்டிக் இளகிவிடும்.

மகனின் 1/18 வண்டிக்கும் அடிப்படைக் கணக்கு இதுதான், ஆனால் இரண்டு விஷயத்தில் அது இன்னும் கறாரானது. முதலாவது, அதன் பினியன் சின்னது. உங்கள் வண்டியில் 19-லிருந்து 20 என்பது 5 சதவீத மாற்றம். அவன் வண்டியில் 10-லிருந்து 11 என்பது 10 சதவீதம், வெப்பக் கணக்கில் 21 சதவீதம். ஒரு பல்தானே என்று அங்கே சொல்ல முடியாது. முடிந்தால் பினியனைத் தொடாமல் ஸ்பரில் இரண்டு பல் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யுங்கள், நுணுக்கமாக மாற்ற முடியும். இரண்டாவது, 370, 390 அளவு மோட்டாரில் உலோகமே கொஞ்சம்தான், சூட்டை வாங்கி வைத்துக்கொள்ள இடம் இல்லை. உங்கள் 550 மோட்டார் ஐந்து நிமிடத்தில் எட்டும் சூட்டை அது இரண்டு நிமிடத்திலேயே எட்டிவிடலாம். ஆகவே முதல் அளவை ஒரு நிமிடத்தில் எடுங்கள். ஷாஃப்ட்டும் மெல்லியது, பெரும்பாலும் 2 அல்லது 2.3 மி.மீ., உங்கள் பினியன் அதில் பொருந்தாது.

அது பாறை ஏறும் கிராலர் வகை என்றால், டிராக்சஸ் டிஆர்எக்ஸ்-4எம் மாதிரி, அங்கே வேகத்துக்குக் கியர் போடுவதே இல்லை. கிடைப்பதிலேயே சிறிய பினியனைப் போடுங்கள். சக்கரம் கல்லில் மாட்டி நிற்கும்போது மோட்டார் சுற்றாமலே கரண்ட் இழுக்கும், அந்த நிலையில் இரண்டு மூன்று நொடிக்கு மேல் த்ராட்டிலைப் பிடிக்கக் கூடாது என்பதை அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். அந்த வண்டிக்குப் பணம் செலவழிப்பதானால் மோட்டாருக்கு முன்னால் முன் அச்சில் பித்தளை எடை. எடை தாழ்வாகவும் முன்னாலும் இருந்தால் மேட்டில் பின்பக்கமாகக் கவிழாது, அதே மோட்டாரிலேயே முன்பு ஏறாத கல்லை ஏறும்.

நீங்கள் முதலில் வாங்க வேண்டியவை 16, 17 பல் 48 பிட்ச் பினியன் ஒவ்வொன்று, ஒரு வெப்பமானி. கருகிய வாடை ஒருமுறை வந்த மோட்டார் முழு வேகத்தை இனித் தராமல் போகலாம். 16 பல் போட்டு மூன்று நிமிடம் ஓட்டிய பிறகும் 80-ஐத் தாண்டுகிறதென்றால் முதலில் மெஷ்ஷையும் பேரிங்கையும் இன்னொரு முறை பாருங்கள். அவையும் சரியாக இருந்தால் அந்த மோட்டார் சுருளின் வார்னிஷ் காப்பு போய்விட்டது, பிரஷ்லெஸ்ஸுக்குப் போக அதுதான் நேரம்.